உப்பு ஏறாத மிருதங்கம்

கோணேசர் துணை

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகள் தர்சிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தன்பாட்டில் நொந்துகொண்டிருக்கிறது, நீயும் அங்கே மெல்பேர்ண் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தடிமன் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நிற்கிறார், குரலைப் பதிந்து அனுப்பினால் அது எங்கெங்கே போகுமோ தெரியாது, போன கிழமை நீ அம்மாவுக்கு அனுப்பியதைக் குசினி யன்னலில் வைத்துப் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்துதான் கேட்டார். இதில் எழுதப் போவது அப்படிப் போகக்கூடாத கதை, வாசித்தவுடன் கிழித்துவிடு. உனக்குத் தெரிந்தது சிலதும் இதில் வரும், ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல் முதலில் இருந்தே சொல்கிறேன், அது ஏன் என்று கடைசியில் உனக்கே விளங்கும்.

உன்னுடைய சிவரூபன் வந்தான். உன்னுடைய என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நீ சொல்லிவிட்ட பிறகு வேறு எப்படி எழுதுவது. சல்லிக் கிராமத்தில் இருக்கிற தாயைப் பார்க்க லீவில் வருகிறான், எங்களையும் வந்து பார்ப்பான் என்றாய். வந்தவன் கையில் சொக்லட் பெட்டியும் இல்லை பழமும் இல்லை, ஒரு பழைய சாரத் துணியில் சுற்றிய மிருதங்கக் கட்டை. தோலும் இல்லை வாரும் இல்லை, இரண்டு பக்கமும் திறந்த வெறும் மரம், மேலே கறுப்பு மண்ணிறச் சாயம் சொறி பிடித்த மாதிரி உரிந்து கிடந்தது. விறாந்தையில் கதிரை நுனியில் இருந்துகொண்டு, “அங்கிள், நீங்கள் பழைய மரச் சாமானெல்லாம் சுரண்டிப் பொலிஷ் போடுவியள் எண்டு தர்சி சொன்னவ, இது அப்பான்ர, ஒருக்காச் செய்து தரேலுமோ?” என்றான். சுனாமி அன்று தகப்பனையும் இந்த மிருதங்கத்தையும் கடல் கொண்டுபோனதாம், தகப்பன் கிடைக்கவேயில்லையாம், இது மட்டும் வடக்கே இறக்கக்கண்டிக் கரையில் ஒதுங்கியதாம், பதினைந்து வயதில் தானே தேடி எடுத்துவந்தானாம். அன்றிலிருந்து தாய் இதைச் சாமியறையில் வைத்திருக்கிறாராம்.

கேட்க எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனால் பென்சன் எடுக்கும்வரை துறைமுகப் படலையில் நின்று உள்ளே போகிறதையும் வெளியே வருகிறதையும் சோதித்தவன் நான், கதை எவ்வளவுக்கு நெஞ்சைத் தொடுகிறதோ அவ்வளவுக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போனது. பெண் கேட்டு வருகிறவன் பெண்ணின் தகப்பனுக்கு வேலை கொடுத்து வீட்டுக்குள் வருகிறான், கெட்டிக்காரன் என்று நினைத்தேன். அதைவிட ஒன்று உறுத்தியது. பழைய சாயத்தைச் சுரண்டுகிறவர்கள் மரத்தின் சொந்த நிறம் தெரிய வேண்டும் என்றுதான் சுரண்டுவார்கள். இவன், “அதே கறுப்பு மண்ணிறம்தான் வேணும் அங்கிள், கொஞ்சமும் வெளிறக்கூடாது” என்று இரண்டு தரம் சொன்னான். தாய்க்குக் கண் ஒப்பரேசன் செய்து இப்போது வடிவாகத் தெரிகிறதாம், சாயம் உரிந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து ஏன் இப்படி, ஏன் இப்படி என்று கேட்கிறாராம். நான் சரி என்றேன். அம்மா என்னவென்றால் அதற்கிடையில் அவனுக்கு நண்டுக்கறி வைத்துச் சோறு போட்டுத் தம்பி தம்பி என்று கரைந்துபோனார், அவன் இரண்டாம் தரமும் சோறு வாங்கினான். உன் அம்மாவிடம் இரண்டாம் தரம் சோறு வாங்குகிறவன் யாரானாலும் நல்லவன்தான், அதனால் அவருடைய சாட்சியை நான் எடுக்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அவன் சல்லி ஆள், கடல் தொழில் செய்த குடும்பம் என்பதற்காக நான் பிழை பிடிக்கிறேன் என்று நீ போனில் சொன்னாய். இல்லை. இருந்தாலும் நூற்றுக்கு நூறு இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை மணல் நிரப்பின இரண்டு சாக்கை விறாந்தையில் போட்டு அதன்மேல் கட்டையைக் கிடத்தி வேலையைத் தொடங்கினேன். ரிமூவர் பூசி ஊறவைத்துத் தகட்டால் வழித்தால் மேல் வார்னிஷ் பாலாடை கழன்றுவருகிற மாதிரி வந்தது. அவ்வளவு லேசாக வரக்கூடாது. வார்னிஷ் மரத்தைப் பிடிக்காமல் நடுவில் ஏதோ தடுத்திருக்கிறது. அடியில் இருந்த கறுப்பைத் தின்னர் துணியால் துடைத்து மணந்து பார்த்தேன், சப்பாத்துப் பொலிஷ் மணம். மிருதங்கம் செய்கிறவன் எவனும் சப்பாத்துப் பொலிஷ் பூசமாட்டான், பிறகு யாரோ பூசியிருக்கிறான். அந்த மெழுகு முழுவதும் போனால்தான் புதுச் சாயம் பிடிக்கும், ரெப்பன்ரைன் போட்டுத் துடைத்தேன், வளைவான இடங்களைக் கண்ணாடித் துண்டால் சுரண்டினேன், பிறகு நரம்போட்டத்தின் பக்கமாகவே சாண்ட் பேப்பர் பிடித்தேன். மெல்ல மெல்லப் பலா மரம் வெளியே வந்தது, தர்சி, மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், வந்தது சந்தேகம். கடலில் கிடந்து அலையில் அடிபட்டு வந்த மரம் இப்படி இருக்காது, வாய்ப் பக்கம் வெடித்திருக்கும், உப்புக் கறை உள்ளுக்கு இறங்கியிருக்கும். உள்ளே ரோச் அடித்துப் பார்த்தேன், உளி ஓடிய தடம் நேற்று ஓடியது போல இருந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், உள்பக்கத்தை நாக்கால் தொட்டும் பார்த்தேன், உப்பு இல்லை. அதையெல்லாம் விடு, வாசித்த மிருதங்கத்தில் வார் இழுத்துக் கட்டிய தடம் உடம்பு நீளத்துக்கு விழுந்திருக்கும், இதில் ஒரு தடமும் இல்லை. இந்தக் கட்டைக்கு யாரும் ஒருநாளும் தோல் போட்டதில்லை, யாரும் ஒருநாளும் இதை வாசித்ததில்லை. கடலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்குத் தின்னர் மணம் தலையைப் பிடிக்கிறது என்றேன். செத்த தகப்பன் பெயரில் பொய் சொல்கிறவன் உயிரோடு இருக்கிற பெண்ணிடம் எதைத்தான் சொல்லமாட்டான் என்றுதான் மனதில் ஓடியது. யாருடைய சாமானோ தெரியாது, செத்தவர்கள் வீட்டுச் சாமானைப் பொறுக்கினவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். உனக்கு உடனே போன் எடுக்க நினைத்தேன், ஆனால் ஆதாரம் இல்லாமல் கதைத்தால் நீ போனை வைத்துவிடுவாய். ஆகவே வெள்ளிக்கிழமை, முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்துச் சல்லிக்குப் போனேன். கோயிலுக்கும் போனேன், அது பொய்யில்லை. அங்கே பாக்கியரத்தினத்தின் வீடு எது என்று கேட்டவுடன் காட்டினார்கள், அதுதான் சிவரூபனின், நீ கூப்பிடுகிற ரூபனின், தாய். முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டு நின்றார், ரூபன் எங்கேயோ பட்டணத்துக்குப் போயிருந்தான், அதுவும் எனக்கு வசதி. நான் இன்னார் என்றதும் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு கதிரை தூக்கிவந்து போட்டு, தேத்தண்ணி வைத்து, “கட்டையைச் சுரண்டேக்கை என்ர மனுசன்ர கை பட்ட இடம் அழிஞ்சுபோகாதே ஐயா?” என்றுதான் முதலில் கேட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி வாயில் வைத்தேன்.

பிறகு அவரே சொன்னார். புருஷன் அன்று காலையில் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. மற்றவர்களுக்கு உடம்பு கிடைத்தது, பாக்கியரத்தினத்துக்கு அதுவும் கிடைக்கவில்லை. முகாமில் இருக்கமாட்டேன் என்று விடிந்தால் கடற்கரை, பொழுதுபட்டால் கடற்கரை, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம், சாப்பாடும் இல்லை, கைக்குழந்தையாக இருந்த மகளைக்கூடப் பார்க்கவில்லையாம். “ஆக்கள் எனக்கு விசர் எண்டவை ஐயா. எனக்குத் தெரியும், விசர்தான். அப்பதான் தம்பி இதைத் தூக்கிக்கொண்டு வந்தவன், அம்மா, இறக்கக்கண்டியில ஒதுங்கிக் கிடந்தது எண்டு. வெள்ளிக்கிழமையில கோயில் பசனைக்கு அவர் வாசிக்கிறது இது. நான் கட்டிப்பிடிச்சுக் கத்தினன். தோலைக் கழட்டிப்போட்டுக் கட்டையைத் தந்த கடல் ஆளைத் தராது எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. அண்டைக்குத்தான் சோறு திண்டனான்.” அடுத்த நாள் பொட்டை அழித்துக் கிரியை செய்வித்தாராம். இதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா, பழக்கதோஷம், “அந்த மரத்தில உப்பு” என்று வாயைத் திறந்துவிட்டேன். அவர் நிமிர்ந்து, “என்ன ஐயா கேட்டியள்?” என்றார். புதிதாய்ப் பார்வை வந்த கண் என் முகத்திலேயே நின்றது. நான், “ஒண்டுமில்லை அக்கா, தேத்தண்ணியில சீனி கூட எண்டனான்” என்றேன். பாவம் அந்த மனுசி, சலரோகமோ என்று கேட்டுவிட்டு எழும்பிப்போய் வேறு தேத்தண்ணி போட்டுவந்தார். இன்னும் இரண்டு சொல் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பயம்.

ரூபனை வீட்டுக்கு வரச்சொன்னேன். அம்மா சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து விறாந்தையில் அந்த மஞ்சள் கட்டையை வைத்து, “தம்பி, இது கடல் கண்ட மரமில்லை, இது ஆருடையது?” என்று நேரே கேட்டேன். கோபப்படுவான் அல்லது இன்னொரு கதை அவிழ்ப்பான் என்று பார்த்தேன். அவன் கட்டையைத் தடவிக்கொண்டே, “இந்த நிறத்தை மறந்துபோனன் அங்கிள்” என்றான். பிறகு எல்லாம் சொன்னான். தாய் தண்ணீருக்குள் நிற்பதைப் பார்க்கமுடியாமல், அப்பாவுடைய ஏதாவது ஒன்று, ஒரு சாரமாவது ஒதுங்கியிருக்காதா என்று சல்லியிலிருந்து இறக்கக்கண்டி வரை வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறான். அங்கே ஸைனுலாப்தீன் என்ற தோணி செய்கிற தச்சர், தன்னிடம் தோல் போடாத புதுக் கட்டை ஒன்று இருக்கிறது, கொண்டுபோ என்று கொடுத்தாராம். தகப்பனுடையது வயது போய்க் கறுத்த மரம், இது மஞ்சள். நிவாரணப் பொதியில் சப்பாத்துப் பொலிஷ் ரின் ஒன்று வந்திருந்ததாம், சப்பாத்து வரவில்லை. தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, அந்தப் பொலிஷைத் தேய்த்து, தோணிக்குப் பூசுகிற வார்னிஷில் கொஞ்சம் வாங்கி மேலே பூசியிருக்கிறான். மெழுகுக்கு மேல் வார்னிஷ் நிற்காது என்று அந்த வயதில் எப்படித் தெரியும். “அம்மாவைத் தண்ணிக்குள்ளால எடுக்கிறதுக்கு எனக்கு வேற வழி தெரியேல்லை” என்றான். அழவில்லை. அழுதிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அழாததால் நம்பினேன் என்றும் நினைத்துவிடாதே. அடுத்த நாளே இறக்கக்கண்டிக்குப் போனேன், நிலாவெளி வரை பஸ்ஸில், பிறகு ஓட்டோவில். ஸைனுலாப்தீன் இப்போதும் கரையோரம் கொட்டில் போட்டுத் தோணி திருத்துகிறார், மகன்மார் பைபர் கிளாஸ் படகு வேலைக்குப் போய்விட்டார்களாம், இவர் மரத்தோடு நிற்கிறார். நான் சுற்றிவளைத்துக் கேட்கக் கேட்க அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க ஆரு? பொலிஸா? இருவது வருசத்துக்குப் பொறகு ஒரு கட்டயத் தேடி வாறீங்க?” என்று கேட்டார். நான் பெண்ணின் தகப்பன் என்றேன். அதற்குப் பிறகுதான் இருக்கச் சொன்னார். ஒரு சங்கீத வகுப்புக்காரர் செய்யச் சொல்லிவிட்டு எடுக்க வரவேயில்லையாம், அது மேலே கூரை வளையோடு கட்டிக்கிடந்ததாம், கடல் வந்து பட்டறையைக் கழுவிக்கொண்டு போனபோது வளையில் கிடந்தது மட்டும் மிஞ்சியதாம். “எனக்கும் அதுதான் மிச்சம். பொடியன் வாசல்ல நிண்டு ஒண்டும் கேக்கல்ல, வாப்பாட சாமான் ஏதும் கண்டீங்களா எண்டு மட்டும்தான் கேட்டான். என்னத்தச் சொல்ல? கொண்டுபோடா எண்டேன். பலா மஞ்சள், உம்மா புடிச்சிருவா, கறுப்பாக்கு எண்டதும் நான்தான்” என்றார். பிறகு என் கையைப் பிடித்து, “இத அந்த மனுசிக்கிட்டப் போய்ச் சொல்லிறாதீங்க, அல்லாவுக்காக” என்றார். அந்தப் பிடி இப்போதும் கையில் இருக்கிறது.

திரும்பி வந்து மிச்ச வேலையைச் செய்தேன். அந்த மஞ்சளின்மேல் சாயம் பூச எனக்கு எவ்வளவு மனமில்லை என்பது மரத்தோடு பழகினவனுக்குத்தான் தெரியும். கறுப்பு மண்ணிறம் கலந்து உள்விளிம்பில் பூசிப் பார்த்தேன், ரூபனின் பழைய போட்டோ ஒன்றில் தகப்பனின் மடியில் உண்மையான மிருதங்கம் இருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். துணியால் மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, மறுபடியும் பூசி, சீலர் போட்டு, மினுக்கம் இல்லாத வார்னிஷ் அடித்தேன். புதுச் சாமான் மாதிரி மினுங்கக்கூடாது அல்லவா. அதோடு நிற்கவில்லை, கேள், சாயம் பூசமுன் சணல் கயிற்றை இறுக்கிச் சுற்றி இழுத்து வார்த் தடமும் போட்டேன். ரூபனுக்கு அந்தத் தடம் அன்று தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. படலையில் நிற்கிறவனுக்குத்தான் எது எதைப் பார்ப்பார்கள் என்று தெரியும்.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அவனும் நானும் ஓட்டோவில் போனோம். உப்புவெளி தாண்டினதும் நான் கேட்டேன், இந்தக் கதை என் மகளுக்குத் தெரியுமா, தெரியாவிட்டால் நீ சொல்கிறாயா நான் சொல்லவா என்று. அவன், “முதலே சொல்லிப்போட்டன் அங்கிள். அவதான் கட்டையை அப்பாட்டக் குடுங்கோ, ஒண்டும் சொல்லாதேங்கோ, நீங்கள் சொன்னால் அவர் நம்பமாட்டார், தானாத் தோண்டிக் கண்டுபிடிச்சால்தான் நம்புவார் எண்டு சொன்னவ” என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. சப்பாத்துப் பொலிஷை நான் மணந்து பார்ப்பேன், சல்லிக்குப் போவேன், இறக்கக்கண்டிக்கும் போவேன் என்று அங்கே மெல்பேர்ணில் இருந்துகொண்டு நீ கணக்குப் போட்டிருக்கிறாய். பெற்ற தகப்பனை வேலை வாங்கியிருக்கிறாய். கோபமாக எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், இவ்வளவு தூரம் எழுதின பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

பாக்கியரத்தினம் வாசலிலேயே நின்றார். சாரத்தை அவிழ்த்து மடியில் வைத்து, இரண்டு வாயையும் பார்த்து, அந்தத் தடங்களில் விரலை ஓட்டினார். ரூபன், “அதே பழைய நிறம்தான் அம்மா” என்று சொல்லிக்கொண்டு இடது காதைத் தடவினான். அவர் கட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, “முந்தி இவ்வளவு கறுப்பில்லையே ஐயா?” என்று என்னைக் கேட்டார். ரூபனுக்கு முகம் செத்துப்போனது. நான், “வார்னிஷ் காயக் காய நிறம் இறங்கும் அக்கா, ஒரு மாதம் போகட்டும்” என்றேன். இறங்காது. ஒருநாளும் இறங்காது, எந்த மரத்திலும் இறங்காது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப சரி சம்பந்தி” என்று சொல்லிக் கட்டையைச் சாமியறைக்குக் கொண்டுபோனார். தேத்தண்ணி வந்தது, சீனி இல்லாமல், குடித்தேன்.

ஆகவே நாள் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லப்போகிறேன், அவர் இப்போதே பார்த்துத்தான் வைத்திருப்பார் என்பது என் சந்தேகம். ஆனால் ஒன்று, ஒரு பொய்யை இத்தனை வருஷம் அசையாமல் வைத்திருக்கத் தெரிந்தவன் அவன், அது தாய்க்காக என்றாலும் பழக்கம் பழக்கம்தான், கவனமாக இரு. பொய் சொல்லும்போது இடது காதைத் தடவுகிறான், முதல் நாள் கடலில் ஒதுங்கின கதை சொன்னபோதும் தடவினான், இரண்டு தரமும் நான் கண்டேன். இது நான் உனக்குத் தருகிற சீதனம், அவனுக்குச் சொல்லிவிடாதே. அம்மாவின் முழங்காலுக்குப் பூசுகிற அந்த மருந்தை அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம், மறந்துவிட்டாய், அடுத்து வருகிற யாரிடமாவது அனுப்பு. இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டு. நீயும் அவனும் ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல் நெடுங்காலம் நல்லாக இருக்க வேண்டும், அந்த மனுசியின் மனம் கடைசிவரை நோகாமல் இருக்க வேண்டும், வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. வாசித்து முடித்தாய்தானே, இப்போதே கிழி, நாளைக்கு என்று வைக்காதே.

நீ நினைத்தபடியே எல்லாம் செய்து முடித்த,
உன் அப்பா